குறிஞ்சிப்பாட்டும் ஒரு வடபுலத்து மாணவனும்

பத்துப்பாட்டில் எட்டாவதாக வைத்து எண்ணப்படுவது குறிஞ்சிப்பாட்டு. 261 அடி கொண்டது. பாடியவர் கபிலர். பெருங்குறிஞ்சி என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. இந்தப் பாட்டின் முடிவில் பழைய குறிப்பு ஒன்று காணப்படுகிறது. ஆரிய அரசன் பிரகத்தன் என்பவனுக்குத் தமிழ் இன்னதென்று அறிவிப்பதற்காகக் கபிலர் இதைப் பாடினார் என்பது அந்தக் குறிப்பின் செய்தி.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதை ஒரு பெருமைச் செய்தியாகப் படித்துவிட்டு மேலே போய்விடலாம். மும்பையில் இருக்கிற நமக்கு அது முடியாது. தமிழ் பேசாத மண்ணில் வளர்கிற பிள்ளைக்குத் தமிழை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் சங்க வகுப்பில் எழும் கேள்வி. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பு நிறைய வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வரும்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் டியூஷன் என்கிறார்கள், பரீட்சை என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதே பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கும் நடன வகுப்புக்கும் நேரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் உண்மைதானே? அவர்கள் விரும்பி வருகிற மாதிரி நாம் பாடம் நடத்துகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியோடு குறிஞ்சிப்பாட்டைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் பழைய குறிப்பு பாட்டோடு பிறந்ததல்ல, பிற்காலத்தில் சேர்ந்தது என்பதே அறிஞர்கள் பலருடைய கருத்து. ஆகவே குறிப்பை மட்டும் வைத்து வாதம் செய்யக் கூடாது. மூட்டையைப் பிரித்துச் சரக்கைப் பார்க்காமல், மேலே கட்டியிருக்கிற சீட்டை நம்பி விலை பேசுவது வியாபாரிக்கு அழகில்லை. சீட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பாட்டே தன்னை ஒரு பாடம் என்று சொல்கிறதா என்று பார்ப்போம்.

கதை என்ன?

கதை சின்னதுதான். தலைவி உடம்பு மெலிந்து கிடக்கிறாள். வீட்டில் பெரியவர்கள் குறி கேட்கிறார்கள், தெய்வத்தை வேண்டுகிறார்கள். நோய் தீரவில்லை. தோழி செவிலித்தாயிடம் வந்து உண்மையைச் சொல்கிறாள். "நீங்கள்தானே எங்களைத் தினைப்புனம் காக்க அனுப்பினீர்கள்? அங்கே நடந்ததைக் கேளுங்கள்" என்று ஆரம்பிக்கிறாள். கிளி ஓட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் என்கிற கருவிகள். மழை பெய்கிறது. அருவியில் ஆடுகிறார்கள். பூப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். அசோகமர நிழலில் இளைப்பாறும்போது நாய்கள் சூழ ஒரு தலைவன் வருகிறான். மதயானை ஒன்று பாய்ந்து வர, அவன் அம்பெய்து காப்பாற்றுகிறான். மலைத் தெய்வத்தைச் சாட்சி வைத்து, அருவி நீரைக் குடித்து, உன்னையே மணப்பேன் என்று சத்தியம் செய்கிறான். அப்புறம் இரவில் வந்து போகிறான். வரும் வழியெல்லாம் ஆபத்து. அவனுக்கு என்ன ஆகுமோ என்ற கவலைதான் இவள் நோய். இவ்வளவுதான் கதை.

அகப்பொருள் இலக்கணத்தில் இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். பெரியோர் சிலர், மேலே சொன்ன குறிப்பில் வரும் தமிழ் என்ற சொல்லுக்கு, மொழி என்று மட்டும் பொருள் கொள்ளாமல், இந்த அகப்பொருள் நெறி என்றே பொருள் சொல்லுவார்கள். இரண்டும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். கபிலர் நெறியைச் சொல்லுவதற்கு முன்னால் பெயர்களைச் சொல்லுகிறார். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

99 பூக்கள்

அருவியில் குளித்த பெண்கள் பறித்துக் குவித்த பூக்களின் பெயரைக் கபிலர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று தொடங்கி வேங்கை, புழகு வரை வருகிறது. 99 பூ என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சிட்டார். அதற்கு முன் அவர் கையிலிருந்த ஏடுகளில் இந்தப் பூ வரிசையில் சில பெயர்கள் விட்டுப் போயிருந்தன. தேடி அலைந்து கடைசியில் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். 'உதிர்ந்த மலர்கள்' என்ற தலைப்பில் அந்தக் கதையை அவரே எழுதியிருக்கிறார். சீவகசிந்தாமணியைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டவர் அவர். கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே கடைசிவரை மாணவராகவும் இருந்த மனிதர். சில பூப்பெயர் போனால் போகட்டும் என்று அவர் விட்டிருந்தால் இன்றைக்கு நாம் எண்ணிப் பார்க்க முழுப் பட்டியல் இருக்காது.

இந்தப் பட்டியலைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. தமிழனுடைய இயற்கை அறிவைப் பார் என்று மேடையில் கைதட்டல் வாங்குவது ஒரு வகை. இவ்வளவு பெயரை அடுக்கினால் அது கவிதையா, வெறும் ஜாபிதாதானே என்று முகம் சுளிப்பது இன்னொரு வகை. இரண்டு தரப்பாரும் பட்டியலை உட்கார்ந்து படித்ததாகத் தெரியவில்லை.

நம் வகுப்பில் சிறு வயதில் தமிழ் படித்து, இப்போது கல்லூரியில் தாவரவியல் படிக்கிற பெண் ஒருத்தி படித்தாள். படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "தாத்தா, அடும்பு கடற்கரை மணல்ல படர்ற கொடி. மராட்டியில மர்யாத்வேல்னு சொல்லுவாங்க. அது எப்படி மலைச்சரிவுல அருவிப் பக்கத்துல வந்துச்சு? புன்னையும் கடலோர மரம்தானே?"

கேள்வி நியாயமானது. அடும்பும் புன்னையும் நெய்தல் நிலத்துக்கு உரியவை. தாமரை, காஞ்சி, மருதம் எல்லாம் வயலும் குளமும் சார்ந்தவை. முல்லை, பிடவம், தளவம், தோன்றி ஆகியவை காட்டு நிலத்துப் பூக்கள். பருவமும் ஒன்றல்ல. மழையில் பூப்பதும் கோடையில் பூப்பதும் ஒரே பாறையில் கிடக்கின்றன. எந்த மலையிலும் ஒரே பிற்பகலில் இத்தனை பூவை இரண்டு பெண்கள் பறித்திருக்க முடியாது. கண்ணால் கண்டதை எழுதுவதுதான் இயற்கை இலக்கியம் என்றால் இது குறைதான்.

ஆனால் இதே கபிலர், தலைவன் நாட்டு மலையில் ஒரு சுனையைக் காட்டுகிறாரே, அதைப் பாருங்கள். பாறை இடுக்கில் நீர் நிற்கிறது. பழுத்த மிளகு அதில் உதிர்கிறது. மாம்பழம் விழுகிறது. பறவை மோதித் தேன் சிதறுகிறது. பலாப்பழம் வெடித்து வழிகிறது. எல்லாம் கலந்து புளித்து மதுவாகிவிட்டது. தண்ணீர் என்று நினைத்து மயில் குடிக்கிறது. குடித்துவிட்டு, திருவிழாவில் கயிற்றின்மேல் நடக்கிற ஆட்டக்காரியைப் போலத் தள்ளாடுகிறது. மலையைக் கூர்ந்து பார்த்தவன்தான் இப்படி எழுத முடியும். நாற்பது வருஷமாக மிளகு வியாபாரம் செய்கிறேன். மிளகை எடையாகவும் விலையாகவும்தான் எனக்குத் தெரியும். கொடியிலிருந்து சுனையில் விழும் மிளகைக் கபிலர்தான் காட்டினார். அப்படிப்பட்ட புலவருக்கு அடும்பு எங்கே வளரும் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

தெரிந்தேதான் வைத்திருக்கிறார். ஏன் வைத்தார் என்பதற்குப் பட்டியலே பதில் சொல்கிறது.

பட்டியலுக்குள் இருக்கும் பாடத்திட்டம்

அகத்திணைப் பெயர்கள் ஐந்து: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஐந்தும் பூவாகவோ மரமாகவோ இந்தப் பட்டியலில் இருக்கின்றன. சரி, அது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். புறத்திணைப் பெயர்களைப் பாருங்கள். வெட்சி இருக்கிறது, கரந்தை இருக்கிறது, வஞ்சி, காஞ்சி, தும்பை, வாகை எல்லாம் இருக்கின்றன. நொச்சி, சிந்துவாரம் என்ற பெயரில் இருக்கிறது. உழிஞை மட்டும் என் கண்ணில் படவில்லை. ஆக, தமிழ்ச் செய்யுளில் அகம் புறம் என்று எதைப் படிக்கப் போனாலும் தேவைப்படுகிற பூப்பெயர்கள் ஏறக்குறைய எல்லாம் இந்த ஒரு பாறையில் குவிந்து கிடக்கின்றன.

இது ஒரு மலையின் வருணனை அல்ல, ஒரு மாணவனுக்குத் தயாரித்த பாடத்திட்டம். இந்தப் பூக்களைத் தெரிந்துகொண்டு உள்ளே வா, பிற்பாடு வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், வாகை என்றால் வெற்றி என்று நான் சொல்லும்போது விழிக்க மாட்டாய் என்று ஆசிரியர் சொல்லுகிற மாதிரி இருக்கிறது. பழைய குறிப்பு எப்போது எழுதப்பட்டதாக இருந்தாலும், எழுதியவர் பாட்டைச் சரியாகப் படித்தவர் என்பது என் முடிவு. சீட்டும் சரக்கும் ஒத்துப் போகின்றன.

இங்கே நிகண்டை நினைத்துக்கொள்ள வேண்டும். மண்டலபுருடர் என்ற சமண ஆசிரியர் செய்த சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அதில் மரப்பெயர்த் தொகுதி என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒரு மரத்துக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் ஓர் இடத்தில் கிடைக்கும். எங்கள் முன்னோர் செய்த தொண்டு என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். நிகண்டில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. பிண்டி, செயலை என்றால் அசோகு என்று நிகண்டு சொல்லும். அருகப் பெருமான் வீற்றிருக்கும் மரம் என்பதால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிண்டி என்ற சொல் பழக்கம். குறிஞ்சிப்பாட்டிலும் பிண்டி பட்டியலில் வருகிறது. அதோடு நிற்கவில்லை. குளித்து ஈரம் காயாத இரண்டு பெண்கள் அந்த அசோக நிழலில்தான் உட்காருகிறார்கள். நிகண்டில் படித்தவனுக்குச் சொல் தெரியும். பாட்டில் படித்தவனுக்கு நிழலும் தெரியும்.

இரண்டும் வேண்டும். நிகண்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் வகுப்பில் நாம் செய்வது பெரும்பாலும் நிகண்டுப் பாடம்தான். பத்துப் பூவின் பெயர் சொல், பத்து விலங்கின் பெயர் சொல், 20 குறள் ஒப்பித்தால் பரிசு. அந்தப் பிள்ளை அந்தப் பூவைப் பார்த்திருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை.

வகுளமும் பகுளும்

பட்டியலில் இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. வகுளம், சண்பகம், பலாசம், குடசம், சிந்துவாரம், திலகம், புன்னாகம் என்று வடபுலத்தில் வழங்கும் பெயர்கள் சில நடுநடுவே வருகின்றன. வகுளத்துக்கு மகிழ் என்று தமிழ்ப் பெயர் இருக்கிறது. குடசத்துக்கு வெட்பாலை இருக்கிறது. பலாசத்துக்குப் புரசு இருக்கிறது. நொச்சி என்பது ஒரு புறத்திணைக்கே பெயராக இருக்கும் அளவுக்குத் தமிழில் ஊறிய சொல். அதை விட்டுவிட்டுச் சிந்துவாரம் என்று கபிலர் ஏன் சொல்ல வேண்டும்?

எதுகை மோனைக்காகவும் ஓசைக்காகவும் என்று புலவர்கள் சொல்லக்கூடும். அதை முற்றும் மறுக்க என்னால் முடியாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் வடக்கே இருந்து வந்தவன் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு விளக்கமும் கிடைக்கிறது. புதுச் சொற்களாகவே கொட்டினால் மாணவன் திணறிப்போவான். நடுவில் அவனுக்குத் தெரிந்த ஒரு பூ வந்தால் மூச்சு விட்டுக்கொள்வான். 'ஓ, இது நம்ம ஊர்லயும் உண்டே' என்று நிமிர்ந்து உட்காருவான். அடுத்த பத்துத் தமிழ்ப் பெயரைக் கேட்கிற தெம்பு வரும். அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பாடம் நடத்தியவர்களுக்கு இது புரியும்.

மேலே சொன்ன மாணவி இதைத் தன் நோட்டில் செய்து காட்டினாள். 99 பெயரையும் எழுதி, பக்கத்தில் மராட்டிப் பெயரை நிரப்பினாள். வகுளம் என்றால் பகுள். சண்பகம் என்றால் சோன்சாபா. பலாசம் என்றால் பளஸ். குடசம் என்றால் குடா. கைதை என்றால் கேவடா. காந்தள் என்றால் களலாவி. கொன்றை என்றால் பஹாவா. ஆவிரை என்றால் தர்வட். நாகப்பூவை நான் சொன்னேன். அது எங்கள் கடையில் நாக்கேசர் என்ற பெயரில் காய்ந்த மொட்டாக மூட்டையில் வருகிற சரக்கு. மராட்டிக்காரர்கள் கோடா மசாலாவில் போடுவார்கள். அந்தப் பெயரில் சந்தைக்கு வருவதெல்லாம் ஒரே மரத்து மொட்டும் அல்ல, அதைத் தரம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

சில பூக்கள் இன்னவை என்று இன்றுவரை அறிஞர்களே ஒத்த முடிவுக்கு வரவில்லை. அவற்றுக்கு எதிரே அவள் கேள்விக்குறி போட்டிருந்தாள். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உரையாசிரியர் சொன்னதையும் தாவரவியல் சொல்வதையும் ஒட்டவைத்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதி நிரப்பியிருந்தால் மார்க் கிடைக்கும், அறிவு வளராது.

அந்த நோட்டோடு நம் சங்கத்துக்காக அவள் ஒரு கட்டுரையும் எழுதினாள். தமிழில் எழுத்துப்பிழைகள் இருந்தன. விஷயம் இருந்தது. பள்ளியில் படித்தவரை செடி என்றால் வேர், தண்டு, இலை என்று படம் வரைந்து பாகம் குறிப்பதாகத்தான் இருந்ததாம். தமிழ் வகுப்பில் பூ என்றால் ஒப்பிக்க வேண்டிய பெயராக இருந்ததாம். இரண்டும் ஒரே பூவைப் பற்றியவை என்பது, மழைக்காலத்தில் பொரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் வேலியோரம் சிவந்து நின்ற காந்தளைப் பார்த்தபோதுதான் மனத்தில் பட்டதாம். இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றி ஏறுவதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தாள். பற்றிக்கொண்டு ஏறும் அந்தக் கொடியின் பூவைக் கபிலர் பட்டியலில் முதலில் வைத்திருக்கிறார் என்பதை அப்போது நினைத்தாளாம். அன்றிலிருந்து கல்லூரிப் பாடத்தையும் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்ததாக எழுதியிருந்தாள். இயற்கை இலக்கியம் ஒரு மாணவருக்குச் செய்யக்கூடிய நன்மை இதுதான். தனித்தனி அறையில் பூட்டி வைத்த படிப்புகளுக்கு நடுவே அது கதவைத் திறக்கிறது.

மாலை என்றால் என்ன?

பட்டியல் வெறும் ஆரம்பப் பாடம். கபிலர் அங்கேயே நின்றிருந்தால் மாணவன் 99 பெயர் தெரிந்த நிகண்டாக ஆகியிருப்பான். அடுத்த பாடம் மாலைப் பொழுது. பொழுது சாய்ந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போகிறது. மான்கள் மரத்தடியில் கூடுகின்றன. பசுக்கள் கன்றை அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகின்றன. பனைமரத்தில் அன்றில் கூவுகிறது. இடையர்கள் குழல் ஊதுகிறார்கள். ஆம்பல் இதழ் விரிகிறது. வீட்டில் பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். பரண்மேல் காவல் காப்பவர்கள் தீ மூட்டுகிறார்கள். பறவைகள் ஒலிக்கின்றன.

முதல் பாடத்தில் எவை உள்ளன என்று கற்றான். இரண்டாம் பாடத்தில் அவை ஒரு நேரத்தில் என்ன செய்கின்றன என்று கற்கிறான். மனிதன், மிருகம், பூ எல்லாருக்கும் ஒரே மாலை. மூன்றாம் பாடம், அந்த மாலை வந்ததும் தலைவன் பிரிந்து போக வேண்டும் என்பது. பொழுதுக்கும் மனத்துக்கும் உள்ள உறவு. பெயர், தொழில், உள்ளம் என்று மூன்று படி. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று இலக்கணத்தில் வறட்சியாகப் படிக்கிறோமே, அதையே அந்தப் பெயர்கள் எதையும் சொல்லாமல் நடத்திக் காட்டியிருக்கிறார்.

பாட்டில் யானையை எய்வதும் வருகிறது, ஊன் சோற்று விருந்தும் வருகிறது. கொல்லாமை பேசும் குடும்பத்தில் பிறந்தவன் இதை எப்படிப் பாராட்டுகிறாய் என்று சில நண்பர்கள் கேட்டதுண்டு. மலைவாழ் மக்களின் வாழ்க்கையை உள்ளபடி சொல்வது புலவர் கடமை. நம் வீட்டுச் சமையலை அவர்கள் அடுப்பில் தேடக் கூடாது.

மாணவன் எழுதிய பாட்டு

பாடம் பலித்ததா என்று தெரிந்துகொள்ள மாணவனுடைய விடைத்தாளைப் பார்க்க வேண்டும். குறுந்தொகையில் 184ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் ஆரிய அரசன் யாழ்ப்பிரமதத்தன். கபிலரிடம் பாடம் கேட்ட பிரகத்தன் இவனே என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. பெயர்கள் நெருங்குகின்றனவே தவிர ஒன்றல்ல. கோர்ட்டில் நிற்கும் சாட்சியம் இல்லை. ஒருவனோ இருவரோ, வடபுலத்து அரசன் ஒருவன் தமிழ் கற்று, தமிழர் தொகுத்த நூலில் இடம்பெறும் அளவுக்குப் பாடினான் என்று ஏடு சொல்கிறது. நமக்கு அது போதும்.

ஏழே அடி. ஒரு பெண்மேல் இப்படிப் பித்தாகிவிட்டாயே என்று கண்டித்த நண்பனுக்குத் தலைவன் பதில் சொல்கிறான். அறிந்ததை மறைத்துப் பொய்ச்சாட்சி சொல்வது பெரியோர் வழக்கம் அல்ல என்று ஆரம்பிக்கிறான். அந்தச் சிற்றூர்ப் பக்கம் போகாதீர்கள் என்கிறான். கடற்கரைச் சோலையில் வலைவீசும் பரதவர் மகள் ஒருத்தி இருக்கிறாள், அவள் கண்ணே ஒரு வலை, அதில் சிக்கிய என் நெஞ்சு தகுதி பார்க்காமல் அங்கேயே தங்கிவிட்டது என்கிறான். அவள் கூந்தல் முடிப்புக்கு மயிற்பீலியின் கண்ணை உவமை சொல்கிறான்.

மாணவனின் வளர்ச்சியை இங்கே மூன்று இடத்தில் காணலாம். முதலாவது, கபிலரைப் போல அவன் மலையைப் பாடவில்லை, கடற்கரையைப் பாடினான். 99 பூவைக் காட்டி மெச்சிக்கொள்ளவும் இல்லை. கற்றதையெல்லாம் கொட்டாமல் அடக்கி வைக்கத் தெரிவதே தேர்ச்சிக்கு அடையாளம். இரண்டாவது, நெய்தல் பாட்டில் வேறொன்றையும் தொடாமல் வலையை மட்டும் எடுத்தான். தந்தை கையில் நூல் வலை, மகளிடம் கண் வலை. நிலத்திலிருந்தே உள்ளத்துக்கு உவமை எடுப்பது என்ற பாடம் அவனுக்குள் இறங்கியிருக்கிறது. நடுவே மலை நிலத்து மயிலின் பீலி ஒன்று விழுந்து கிடப்பதை, குருவின் நினைவு என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. அது ஆசைதான், ஆதாரம் அல்ல.

மூன்றாவதுதான் முக்கியம். பொய்ச்சாட்சி என்ற பேச்சு காதல் பாட்டுக்குள் எங்கிருந்து வந்தது? நீதி கேட்கும் சபையில் உட்கார்ந்து சாட்சிகளை விசாரிக்கிறவன் வாயில் இயல்பாக வருகிற பேச்சு அது. அரசன் தன் வாழ்க்கையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். கபிலர் சொல்லிக் கொடுத்திருக்க முடியாத ஒன்று அது. குரு கொடுத்தது நிலமும் நெறியும், சீடன் போட்டது தன் சொந்தச் சரக்கு.

நமக்கு என்ன?

நம் பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று யோசிக்க வேண்டும். நாம் விட்டு வந்த வந்தவாசியையும் திருநெல்வேலியையும் தஞ்சாவூரையும் அவர்கள் அப்படியே நெஞ்சில் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அது நம்முடைய ஏக்கம், அவர்களுடைய பாடம் அல்ல. அவர்கள் பார்த்து வளர்வது அரபிக்கடல், சஹ்யாத்ரி மலை, ஜூன் மாத மழை. கபிலருடைய மாணவன் கடற்கரையைப் பாடலாம் என்றால் நம் பிள்ளைகள் பொரிவலிக் காட்டையும் வர்சோவா மீனவர் வலையையும் தமிழில் எழுதக் கூடாதா? வீட்டில் மராட்டி கலந்து பேசினால் தமிழ் கெட்டுவிட்டது என்று கோபிக்கிறோம். பகுள் என்று சொல்லுகிற பிள்ளை வகுளத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அங்கிருந்து மகிழம்பூவுக்கு ஓர் அடி.

வகுப்பு நடத்துகிற நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் என் யோசனை இது. ஒப்பித்தல் போட்டி இருக்கட்டும். மழைக்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளைப் பூங்காவுக்கோ கடற்கரைக்கோ கூட்டிக்கொண்டு போவோம். ஆளுக்கொரு நோட்டு. தமிழ்ப் பெயர், மராட்டிப் பெயர், எங்கே எப்போது பார்த்தது என்று மூன்று கட்டம். தெரியாததற்குக் கேள்விக்குறி. கட்டடக் காம்பவுண்டுகளில் அசோக் என்று சொல்லி நெட்டையாக நிற்பது நெட்டிலிங்க மரம்தான், உண்மையான அசோகு வேறு என்பதை அங்கே காட்டலாம். வருஷக் கடைசியில் ஏழு அடியில் ஏதாவது எழுதச் சொல்லுவோம். பிழை இருந்தால் அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. நீலகிரியிலும் மூணாறிலும் 2018இல் பூத்தது. அதற்கு நெருங்கிய உறவுச் செடி நம் பக்கத்திலேயே இருக்கிறது. கார்வி என்று பெயர். எட்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். பொரிவலிக் காட்டில் 2016இல் பூத்தது, 2024இல் மறுபடி பூத்தது. இனி 2032 ஆகும். இன்று நம் வகுப்பில் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருப்பார்கள். அதுவரை அவர்களை வகுப்பில் தக்கவைத்துக்கொண்டு, அந்த ஊதாப்பூவின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினால், கார்வியைப் பற்றிய முதல் நல்ல தமிழ்ப் பாட்டை ஒரு மும்பைப் பிள்ளை எழுதலாம். அதற்கான பாடத்தைக் கபிலர் எப்போதோ தயாரித்து வைத்துவிட்டார். நடத்த வேண்டியவர்கள் நாம்.